வெப் டெவலப்பர் மாநாட்டுக்கு ஆள் சேர்ப்பது: லிங்க்கில் படம் வருவதிலிருந்து காலண்டர் வரை

நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து கோவையில் வெப் டெவலப்பர்களுக்காக ஒருநாள் மாநாடு நடத்தினோம். ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடம், 8 பேச்சுகள், மதியச் சாப்பாடு. நாலு பேருக்குத் தெரியப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. அறிவித்த முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு, பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டேன். படம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதில் ‘ரியாக்ட் ஆப்’ என்று இரண்டே வார்த்தை. நான் கவனிப்பதற்குள் அது அப்படியே பல குழுக்களுக்கு ஃபார்வர்ட் ஆகிப் போய்விட்டது.

அடுத்த இரண்டு நாள் அதைச் சரிசெய்வதில்தான் போனது. முதல்முறை மாநாடு நடத்தப்போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டொமைன் வாங்குவது, பக்கத்தை ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் ஒரு பக்கம், பிறகுதான் போஸ்டர்

போஸ்டரில் ஆரம்பிக்காதீர்கள். போஸ்டர் படத்தில் இருக்கும் தேதியை நகலெடுக்க முடியாது, முகவரியைத் தொட்டு மேப் திறக்க முடியாது. க்யூஆர் கோடு போட்டிருக்கிறோமே என்பார்கள். கைபேசிக்கு வந்த படத்தில் இருக்கும் கோடை அதே கைபேசியின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு க்யூஆர் நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றப்போவது லிங்க்தான்.

பக்கத்தின் முதல் திரையிலேயே இவை இருக்க வேண்டும்: கிழமையோடு தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், கட்டணம், சாப்பாடு உண்டா, பேச்சுகள் தமிழிலா ஆங்கிலத்திலா. கடைசிக் கேள்வியைத்தான் எங்களிடம் அதிகம் பேர் கேட்டார்கள், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள். ‘பாதி தமிழ், பாதி ஆங்கிலம், கேள்விகளைத் தமிழில் கேட்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தபின் அந்தக் கேள்வி நின்றது.

கருவியைப் பற்றி: மாநாட்டுப் பக்கத்துக்கு ரியாக்ட் (பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டால் உருவாக்கும் நிரலகம்) வேண்டாம். வெறும் ஹெச்டிஎம்எல் போதும். பேச்சாளர் பட்டியல் நீளமாக இருந்தால் லெவன்டி மாதிரி, ஹெச்டிஎம்எல் கோப்புகளை முன்கூட்டியே உருவாக்கித் தரும் ஒரு ஸ்டாட்டிக் ஜெனரேட்டர், கிட்ஹப் பேஜஸில் ஹோஸ்டிங். செலவு டொமைனுக்கு மட்டும்தான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் இருக்கிறது.

படி 2: லிங்க்கில் படம் வரவைப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் மெதுவாகவே போகிறேன்.

லிங்க்கைப் போட்டதும் வரும் படம், தலைப்பு, சின்ன விளக்கம் எல்லாம் ஓப்பன் கிராஃப் (சுருக்கமாக ஓஜி) என்ற மெட்டா டேக்குகளிலிருந்து, அதாவது பக்கத்தைப் பற்றிய விவரத்தை ஹெச்டிஎம்எல்லில் சொல்லும் வரிகளிலிருந்து, வருகின்றன. 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த முறை. இன்று வாட்ஸ்அப், லிங்க்ட்இன், டெலிகிராம் எல்லாமே இதைப் படிக்கின்றன. கட்டாயம் வேண்டியவை நான்கு: ஓஜி டைட்டில், ஓஜி டைப், ஓஜி இமேஜ், ஓஜி யுஆர்எல். கூடவே ஓஜி டிஸ்கிரிப்ஷனும் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் நான் போட்டிருந்தேன். பிரவுசரில் இன்ஸ்பெக்ட் திறந்து பார்த்தால் நான்கும் அழகாக நிற்கின்றன. வாட்ஸ்அப்பில் மட்டும் ‘ரியாக்ட் ஆப்’. டேக் எழுத்துப்பிழையா, படம் பெரிதா, செர்வர் தடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்ட் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபின் இருக்கும் பக்கத்தை. முன்னோட்டம் எடுக்கும் செயலி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. செர்வர் முதலில் அனுப்பும் ஹெச்டிஎம்எல்லை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறது. என் டேக்குகளை ரியாக்ட்தான் பிறகு வந்து சேர்த்துக்கொண்டிருந்தது. செர்வர் அனுப்பிய கோப்பில் இருந்தது, புராஜெக்ட் உருவாக்கும்போது தானாக வந்த தலைப்பு மட்டும்.

அதனால் இன்ஸ்பெக்டை நம்பாதீர்கள். கன்ட்ரோல் யூ அழுத்தி வியூ சோர்ஸ் பாருங்கள், இல்லையென்றால் டெர்மினலில் கர்ல் (செர்வர் அனுப்புவதை அப்படியே காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். அங்கே உங்கள் ஓஜி டேக்குகள் தெரிந்தால்தான் வாட்ஸ்அப்புக்கும் தெரியும். தெரியவில்லையா? டேக்குகளை நேராக இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் கோப்பின் ஹெட் பகுதியில் எழுதிவிடுங்கள். ஒரே பக்கம் உள்ள தளத்துக்கு அவ்வளவுதான் வேலை.

படத்தில் கவனிக்க வேண்டியவை: அளவு 1200க்கு 630 பிக்சல். படத்தின் முகவரியை ஹெச்டிடிபிஎஸ் தொடங்கி முழுதாக எழுதுங்கள்; சாய்கோட்டில் ஆரம்பிக்கும் பாதி முகவரி உதவாது. கோப்பை 300 கேபிக்குள் அடக்குங்கள், ஜேபெக்கில் அது எளிது. படத்துக்குள் நிறைய எழுதாதீர்கள். மாநாட்டின் பெயர், தேதி, ஊர் போதும். கைபேசியில் அது தீப்பெட்டி அகலத்தில்தான் தெரியும்.

இன்னொன்று, இதை எங்கள் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். வாட்ஸ்அப் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவரின் கைபேசி. லிங்க்கை ஒட்டியதும் அனுப்பும் பொத்தானை அழுத்தாமல், மேலே படம் வரும்வரை இரண்டு மூன்று நொடி பொறுங்கள். அவசரப்பட்டால் வெறும் லிங்க்காகப் போய்விடும். அதை ஃபார்வர்ட் செய்கிறவர்களும் வெறும் லிங்க்கையே ஃபார்வர்ட் செய்வார்கள். நான் பக்கத்தைச் சரிசெய்த பின்னும் ‘ரியாக்ட் ஆப்’ பட்டை சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான்: முதல் கைபேசி உருவாக்கியதே ஃபார்வர்டிலும் போகிறது. முதலில் அனுப்புகிற ஒருவர் சரியாக அனுப்பினால் பின்னால் வருகிற நூறு பேருக்கும் சரியாகப் போகும்.

படி 3: பேச்சாளர் அட்டைகள்

கூட்டம் மாநாட்டின் பெயரைப் பார்த்து வருவதில்லை, ஒரு பேச்சுக்காக வருகிறது. 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஈயூ மாநாட்டில்தான் ரயன் டால் தான் உருவாக்கிய நோட் ஜேஎஸ்ஸை (ஜாவாஸ்கிரிப்டை செர்வரில் ஓட்டும் கருவி) எடுத்துக்காட்டினார். இன்றும் அந்த மாநாட்டை அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பேச்சாளருக்கும் தனி அட்டை போடுங்கள். பேச்சின் தலைப்பு பெரிதாக, பெயர் அதற்குக் கீழே. ‘வெப் பெர்ஃபாமன்ஸ் பற்றி’ என்று போடுவதைவிட ‘பழைய ஆண்ட்ராய்டு போனில் 3 நொடியில் திறக்கும் பக்கம்’ என்று போட்டால் வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும். தலைப்பை மாற்றித் தரச் சொல்லிப் பேச்சாளரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

எட்டு அட்டையையும் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தானாக வரைய முயன்றேன். தமிழ் உடைந்தது. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் நின்றது. ‘கொ’வில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். தமிழ் உயிர்மெய்யில் சேமிக்கும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் எஞ்சின் இல்லாமல் வரைகிற நிரலகங்களில் இந்தக் கோளாறு வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

நான் கடைசியில் எடுத்த வழி: அட்டையை ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸில் எழுதி, பிளேரைட் (பிரவுசரை ஸ்கிரிப்டால் இயக்கும் கருவி) மூலம் குரோமில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. பிரவுசர் தமிழைச் சரியாக வரையும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவச எழுத்துருக்கள். தலைப்புக்கு எனக்கு முக்தா மலர்தான் பிடிக்கும். வெப் ஃபான்ட் இறங்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடாதீர்கள், அதற்குக் காத்திருக்கும் வரி ஒன்று அவசியம். வெப் டெவலப்பர்களுக்கான மாநாட்டில் தமிழ் உடைந்த அட்டை வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

படி 4: காலண்டர் கோப்பு

‘வருகிறேன்’ என்று சொன்னவர்கள் மூன்று வாரம் கழித்து மறந்துவிடுகிறார்கள். பதிவு செய்ததும் ‘காலண்டரில் சேர்’ என்று ஒரு பொத்தான் தாருங்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஐசிஎஸ் கோப்பு, ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரக்குறிப்பு சொல்லும் வடிவம். நோட்பேடிலேயே எழுதலாம்: நிகழ்வுப் பகுதிக்குள் யூஐடி (தனி அடையாளம்), டிடிஸ்டாம்ப் (கோப்பு உருவான நேரம்), டிடிஸ்டார்ட் (தொடக்கம்), டிடிஎண்ட் (முடிவு), சம்மரி (தலைப்பு), லொகேஷன் (இடம்) ஆகிய வரிகள் போதும்.

நேரத்தில் எனக்கு ஒரு தவறு நடந்தது. காலை 9:30 என்று நேரமண்டலம் குறிக்காமல் எழுதினேன். அப்படி எழுதினால் அவரவர் ஊரின் 9:30 என்று அர்த்தம். ஆன்லைனில் பேசவிருந்த சிங்கப்பூர் நண்பருக்கு அவர் ஊர் 9:30 என்று காட்டியது. நமக்கு அது காலை 7 மணி. நல்லவேளை முன்பே கேட்டுவிட்டார். சரியான வழி, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதி, கடைசியில் இசட் போடுவது. காலை 9:30 என்பது 040000இசட், மாலை 5:30 என்பது 120000இசட்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். இந்த வடிவத்தில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. போனால் மடித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் அது 75 எழுத்து. எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யுடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘கோவை’ திரையில் இரண்டு எழுத்து, கோப்பில் 12 பைட். சம்மரி என்ற சொல்லும் அதன் முக்காற்புள்ளியும் 8 பைட்டை எடுத்துக்கொண்டால், தமிழுக்கு மிஞ்சுவது 22 குறிகள்தான். என் ஸ்கிரிப்ட் பைட்டை எண்ணி, ஒரு குறியின் நடுவிலேயே வெட்டிவிட்டது. சில செயலிகள் வரிகளை ஒட்டிவிட்டுப் படிக்கின்றன, அவற்றில் சரியாக வந்தது. படித்துவிட்டு ஒட்டுகிற செயலிகளில் தலைப்பின் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம். குறியின் எல்லையில் மட்டும் மடியுங்கள், அல்லது தலைப்பை 22 குறிக்குள் சுருக்கிவிடுங்கள். நான் சுருக்கிவிட்டேன்.

படி 5: கூகுளுக்கு

இது பத்து நிமிட வேலை. பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் சொற்பட்டியலான ஸ்கீமா டாட் ஆர்கில் ஈவண்ட் என்ற வகை இருக்கிறது. பெயர், தொடக்க நேரம், இடம் மூன்றையும் ஜேசன்-எல்டி வடிவில் பக்கத்தில் போடுங்கள். நேரத்தின் கடைசியில் +05:30 சேருங்கள். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் ஒருமுறை சோதித்தால் முடிந்தது.

படி 6: எங்கே, எப்படிச் சொல்வது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு தடவைக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். புதிய சிம் வாங்கி மாநாட்டு எண்ணாக அறிவித்து, அதிலிருந்து பிராட்காஸ்ட் செய்தால் அநேகமாக யாருக்கும் போகாது. பதிவு செய்தவர்களிடம் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று முதல் செய்தியிலேயே கேளுங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் யுடிஎம் சோர்ஸ் (எங்கிருந்து வந்தார்கள் என்று லிங்க்கிலேயே குறிக்கும் சொல்) மாற்றித் தனி லிங்க் கொடுங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அனலிடிக்ஸில் ‘டைரக்ட்’ என்றே விழுவார்கள். எங்களுக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தது, கல்லூரி சீனியர்கள் தங்கள் ஜூனியர் குழுக்களில் ‘நானும் போறேன், வாங்கடா’ என்று எழுதி அனுப்பிய லிங்க். நாங்கள் மெனக்கெட்டு எழுதிய நீண்ட அறிவிப்பு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதன்பின் தன்னார்வலர்களுக்கு எழுதிய செய்தியைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, லிங்க்கை மட்டும் கொடுத்தோம்.

மின்னஞ்சல் அனுப்புவதாக இருந்தால் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் அமைப்புகள்) மூன்றையும் முதல் நாளே அமையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பு காட்டுகிறது. நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நம் எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் போட்டுவைத்தால் ஸ்பேமில் விழும் வாய்ப்பு குறையும்.

பின்சேர்க்கை 1: படத்தை மாற்றியும் பழைய படமே வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஃபேஸ்புக், லிங்க்ட்இன் இரண்டும் முன்னோட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் ‘ஸ்கிரேப் அகெய்ன்’ அழுத்துங்கள். லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர். வாட்ஸ்அப்புக்கு அப்படி ஒரு கருவி இல்லை. படத்தின் கோப்புப் பெயரை மாற்றிவிட்டு, லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு வி=2 என்று சேர்த்து அனுப்புங்கள், புதிய லிங்க்காக எடுத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2: ஐசிஎஸ் பொத்தானை அழுத்தினால் தன் ஆண்ட்ராய்டில் கோப்பு இறங்குவதோடு சரி, காலண்டர் திறக்கவில்லை என்று மதுரையிலிருந்து ஒரு மாணவி சொன்னார். முதலில் செர்வர் அந்தக் கோப்பை டெக்ஸ்ட்/காலண்டர் என்ற வகையில் அனுப்புகிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்திலேயே கூகுள் காலண்டருக்குத் தனி லிங்க் ஒன்று வையுங்கள். தலைப்பு, நேரம், இடம் மூன்றையும் அந்த லிங்க்கிலேயே நிரப்பி அனுப்ப முடியும், நேரத்துக்கு அதே இசட் வடிவம். இப்போது எங்கள் பக்கத்தில் இரண்டு பொத்தானும் இருக்கின்றன, கூகுள் மேலே, ஐசிஎஸ் கீழே.