ஒற்றை மூலக்கூறைப் பார்க்க வேண்டுமா? முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள்

ஆடி பிறந்தால் கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு தூசும் ஆய்வகத்துக்குள் வந்துவிடும். செல்லுக்குள் ஒளிரும் சாயம் ஒட்டிய ஒற்றைப் புரத மூலக்கூறை நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையில் லேசர், கேமரா எல்லாம் அப்புறம்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கவர்கிளாஸ், அதாவது செல்களை வைத்துப் பார்க்கும் மெல்லிய கண்ணாடித் துண்டு, கழுவத்தான் சொல்லித் தருகிறேன்.

0.17 மி.மீ. தடிமன் உள்ளதை வாங்குங்கள். லென்ஸ்கள் அதற்கேற்பத்தான் செய்யப்படுகின்றன. கையுறையும் கண்காப்பும் போட்டுக்கொண்டு, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மூழ்கவைத்து, ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் சோனிகேட்டரில் 20 நிமிடம் வையுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் கடைசி அலசலுக்கு அயனிகள் நீக்கிய 18.2 மெகாஓம் தூயநீரே வேண்டும். நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, செல் எதுவும் வைக்காமல் லேசரைப் போட்டுப் பாருங்கள். திரை இருட்டாக இருக்க வேண்டும். ஆங்காங்கே புள்ளி மினுங்கினால் அது அழுக்கு, திரும்பவும் கழுவுங்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சாயம். சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹேலோடேக் என்ற ஒட்டை இணைத்த புரதம் என்றால் சாயத்தின் செறிவை ஒரு நானோமோலாருக்கும் குறைவாகத் தொடங்குங்கள். ஒரு மூலக்கூறின் ஒளி ஏறக்குறைய 250 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவித்தான் படத்தில் விழும். புள்ளிகள் விலகி விலகி விழுந்தால், ஒவ்வொன்றின் நடுவையும் 20 நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம்.

நீங்கள் பார்க்க விரும்பும் மூலக்கூறு இயந்திரம், அதாவது சேர்ந்து வேலை செய்யும் புரதக் கூட்டம், செல்லின் சவ்வில் இருந்தால் முழு அகப் பிரதிபலிப்பு முறை போதும். கண்ணாடியை ஒட்டிய 100 நானோமீட்டர்வரைதான் வெளிச்சம் எட்டும். உட்கருவுக்குள் என்றால் லேசரின் கோணத்தைச் சற்றே குறைத்து, ஒளியைச் சாய்வாக உள்ளே விடுங்கள்.

இப்போது ஒரு புள்ளியின் ஒளியளவை வரைபடமாகப் போடுங்கள். ஒற்றைச் சாயமூலக்கூறு மெல்ல மங்காது, ஒரே படியில் சட்டென அணையும். அந்தப் படியின் உயரத்தால் தொடக்க ஒளியை வகுத்தால், எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்று தெரிந்துவிடும். ஈ. கோலை பாக்டீரியாவை நீந்தவைக்கும் மோட்டாரில் சுமார் 22 மாட்பி புரதங்கள் இருப்பதை 2006-ல் இப்படித்தான் எண்ணினார்கள். அவை அரை நிமிடம்போல இருந்துவிட்டுக் கழன்றுபோக, புதியவை வந்து மாட்டிக்கொள்வதும் அதே ஆய்வில் தெரிந்தது. பம்புசெட் மோட்டார் செய்யும் ஊரில் வளர்ந்தவன் நான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகம் மாற்றிக்கொள்ளும் மோட்டாரை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

அளந்த அசைவை உடனே நம்பிவிட வேண்டாம். பார்மால்டிஹைடில் ஊறவைத்து அசையாதபடி நிலைப்படுத்திய செல்களையும் அதே அமைப்பில் படம் பிடியுங்கள். அங்கேயும் புள்ளி நகர்ந்தால், அதற்குக் காரணம் நுண்ணோக்கியின் மேடை நழுவுவதோ, பக்கத்து லேத்துப் பட்டறையின் அதிர்வோ, புள்ளியின் நடுவைக் கணிப்பதில் வரும் பிழையோதான். அந்த அளவுக்குள் அடங்கும் அசைவு எதையும் மூலக்கூறு இயந்திரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.