கேமராவுக்குத் துண்டு போட்டது யார்?

தங்கையின் வளைகாப்புப் படங்கள் என் பழைய டிஜிட்டல் கேமராவில் கிடந்தன. மெமரி கார்டைக் கழற்றிப் போட கார்டு ரீடர் இல்லை. லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி கேபிளைச் செருகிக் கேமராவை இயக்கினேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை.

கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், செருகியுள்ள யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டினேன். பட்டியலில் கேமராவின் பெயரே வரவில்லை. அப்படியானால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கையில் அகப்பட்டது மேசை விளக்கோடு வந்த கேபிள்; மின்சாரம் மட்டும் கடத்தும், தரவுக்கான இரண்டு கம்பிகள் அதில் கிடையாது. கேமராவின் சொந்தக் கேபிளை மாட்டியதும் பெயர் வந்துவிட்டது.

ஆனால் பென் டிரைவ் போலத் திறக்கவில்லை. என் கேமரா பிடிபி என்ற படப் பரிமாற்ற நெறிமுறையில் மட்டுமே பேசும். கேமராவிலிருந்து படங்களை இறக்கும் ஜிபோட்டோ2 நிரலை நிறுவினேன். அது கேமராவை அடையாளம் கண்டது. படங்களைக் கேட்டால் மட்டும், யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று பிழைச் செய்தி. நிர்வாகி அனுமதி தரும் சூடோ போட்டும் அதே பல்லவி. ஆக, அனுமதிச் சிக்கல் இல்லை.

கேபிளைச் செருகிய கணமே கோப்பு மேலாளர் கேமராவை மவுன்ட் செய்து, அதாவது தன்னோடு இணைத்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் பிடித்து வைத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் இடம். இடப்பக்கப் பட்டையில் கேமராவின் பெயரருகே இருந்த வெளியேற்றும் குறியை அழுத்தினேன். கேபிளைப் பிடுங்கவில்லை, பிடுங்கிச் செருகினால் மறுபடி துண்டு விழும். பிறகு ஜிபோட்டோ2-க்கு, எல்லாக் கோப்புகளையும் இறக்கச் சொல்லும் கெட்-ஆல்-ஃபைல்ஸ் கட்டளையைக் கொடுத்ததும் 212 படங்கள் மளமளவென்று இறங்கின.

பாதி மங்கல். எடுத்தவர் சித்தப்பா.