கார்பன் ஃபில்டர் குழாயை முழுசாகத் திறக்காதீர்கள்
கார்பன் (கரி) ஃபில்டர் மாட்டிய குழாயில் தண்ணீர் பென்சில் கனத்துக்கு மெல்ல வரட்டும். இளமஞ்சள் நிறமும் மண்வாடையும் நன்றாகக் குறையும்.

மழைக்காலத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு இலைதழை மக்கிய சாறும் சேர்ந்து வரும். அதிலுள்ள ஹியூமிக் அமிலம் போன்றவை பெரிய மூலக்கூறுகள்; கரியின் நுண்துளைக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு நேரம் வேண்டும். அதிலும் கொட்டாங்குச்சிக் கரியில் துளைகள் மிகச் சிறியவை, வேகமாக ஓடினால் ஒட்டாமலேயே வந்துவிடும்.

கரி தீர்ந்ததா என்று டிடிஎஸ் மீட்டரில் பார்த்துப் பயனில்லை, அது உப்பைத்தான் காட்டும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிடித்த தண்ணீரை இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தால் கரி அடைத்த கார்ட்ரிட்ஜை மாற்றிவிடலாம்.

போர் தண்ணீரின் உப்புக்கும் கடினத்தன்மைக்கும் கரி ஃபில்டர் உதவாது. கிருமியும் சாகாது. கிருமியைக் கொல்லும் குளோரினையும் கரி எடுத்துவிடும் என்பதால் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் ஏற்கெனவே மெதுவாகத்தான் போகும், அங்கே குழாயைக் குறைத்துத் திறக்கத் தேவையில்லை.