அந்தக் குளிசை எதற்கு என்று கேளுங்கள்

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வருபவர்களின் தலையில் விழும் முதல் பொறுப்புகளில் ஒன்று, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் மாமியையோ அம்மம்மாவையோ போய்ப் பார்த்துவருவது. மற்றவர்கள் வேலைக்கு ஓட, பகலில் நேரம் இருப்பது உங்களுக்குத்தான். ஆகவே இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

மறதி நோய் வந்த பலருக்கு, பின்னால் படித்த ஆங்கிலம்தான் முதலில் போகும். என் அம்மம்மா குளிக்கவார்க்கும்போது கத்தி, தாதியின் கையைத் தட்டிவிடுவார். "தாக்குகிறார்" என்று கோப்பில் எழுதினார்கள். குவெட்டியாபின் என்ற மனநோய்க் குளிசையைத் தொடங்கினார்கள். பகல் முழுக்கத் தூங்கிவழிந்தார், சாப்பாடு குறைந்தது. ஒரு நாள் குளியலறை வாசலில் நின்று கேட்டேன். "தோள் நோகுது பிள்ளை, தூக்காதை" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன் டைலனோல் என்ற நோவுக் குளிசையைக் கொடுக்கச் சொன்னோம். கத்தல் நின்றது. மருத்துவர் மற்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் எல்லாம் கடும் மனநோய்க்கான மருந்துகள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவற்றால் இறப்பு அபாயம் கூடும் என்று கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா 2005இலேயே எச்சரித்தது. விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. இல்லாததைக் கண்டு நடுங்குபவருக்கும், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிவிட்டவருக்கும் இவை தேவைப்படலாம். தூக்கத்துக்காகவோ அலைந்து திரிவதற்காகவோ என்றால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

அவசர நிலை தவிர, சம்மதம் இல்லாமல் மருந்து தொடங்கக் கூடாது. சிகிச்சைக்கான சம்மதம் பற்றிய ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவரால் முடிவெடுக்க முடியாவிட்டால், அவருக்காக முடிவெடுக்கும் உறவினரிடம் கேட்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். கேட்க வேண்டியவை இவை: நோவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எல்லாம் பார்த்தார்களா? எவ்வளவு காலத்துக்கு? எப்போது குறைப்பார்கள்? இல்லத்தில் சேர்ந்து ஆறு வாரத்துக்குள் குடும்பத்தோடு ஒரு கூட்டம் வைப்பார்கள், அங்கே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துகளை மீளாய்வு செய்வதும் அவர்கள் கடமை. ஆனால் நீங்களாகத் திடீரென்று மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது ஆபத்து.

அப்புறம், ஒரு தாளில் "நோகுது", "தண்ணி", "குளிருது", "பசிக்குது" என்று ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இரவு வேலைக்கு வரும் தாதி அதைப் பார்த்துத்தான் அம்மம்மாவுக்குப் போர்வை எடுத்துக் கொடுத்தார்.