குழாய் வருகிறது என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்

போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எரிவாயுக் குழாய்க்காக வயலில் அளந்து கல் நட்டிருக்கிறார்கள். "கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவாங்கல்லண்ணே, அன்னைக்கு ஒரு கை பாத்துடலாம்" என்றான் ஒரு பையன். எனக்குப் பகீரென்றது. பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

போராட்டத்துக்கு அனுமதி வாங்குவது, ஒற்றுமையாக இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நாங்கள் செய்த தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வராத கூட்டத்துக்குக் காத்திருப்பது

அனல்மின் நிலையம் என்றால் கூட்டம் நடக்கும். குழாய்க்கு அப்படி இல்லை. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை மாதிரி இடங்கள் வழியே போனால்தான் முன் அனுமதி தேவை. அது தேவையில்லை என்றால் கூட்டமும் இல்லை. கோரையாறும் பாமணியாறும் பாய்கிற நம் வயல் அந்தப் பட்டியலில் இல்லை.

குழாய்க்கென்று 1962-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். அடியில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். அப்புறம் குழாய் போகிற அந்த நிலப்பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பயிர்ச்சேதம் போக, இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்தவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆட்சேபிக்க 21 நாள். உங்கள் நிலத்தில் இந்த உரிமையை எடுக்கப்போகிறோம் என்று அந்தச் சட்டத்தின் 3(1) பிரிவில் போடும் அறிவிக்கை அரசிதழில் வந்ததிலிருந்து கணக்கு. எழுத்தில், அந்தத் திட்டத்துக்கென்று நியமித்த தகுதிவாய்ந்த அதிகாரிக்கு.

நாங்கள் என்ன செய்தோம்? கையெழுத்து வாங்கினோம், பேனர் அடித்தோம், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அந்த அதிகாரியைப் பார்த்தால், "உங்க ஊர்லேர்ந்து ஒரே ஒரு ஆட்சேபணைதான் வந்துச்சு" என்கிறார். மனுச் சீட்டுக் கட்டை மேசையில் வைத்தேன். தொடக்கூட இல்லை. அது இன்னமும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல்தான்.

அந்த ஒன்றை அனுப்பியவர் எங்கள் கூட்டம் எதற்குமே வராத ஒரு பெரியவர். சர்வே எண், வீட்டு வரி ரசீது, கொல்லையில் நின்று எடுத்த போட்டோ, ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபால். வீட்டை ஒட்டிய மனையில் குழாய் பதிக்கக் கூடாது என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவே சொல்கிறது. அவரை நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். குழாய் அவர் கொல்லையை விட்டு விலகிப் போனது. எங்கள் வயல்களில் நேராக வந்தது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது

கொங்குப் பகுதியின் 7 மாவட்டங்களில் குழாயை நெடுஞ்சாலையோரம் கொண்டுபோகச் சொன்னது தமிழக அரசே. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அதுவும் எடுபடவில்லை. டெல்டாவுக்கான 2020 வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத்தான் தடுக்கிறது. குழாய்களுக்கு அதில் விலக்கு உண்டு.

மீனவர்களைக் கடைசியில் கூப்பிடுவது

ஆற்றுக்கு அடியில் துளை போடும்போது பென்டோனைட் களிமண் கரைசலைப் பாய்ச்சுவார்கள். சில சமயம் அது படுகையைப் பிளந்துகொண்டு மேலே வரும். எங்கள் ஊரில் கரையில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. கீழே அலையாத்திக் காட்டில் நண்டு பிடிக்கிற ஒருவர்தான், "தண்ணி சாம்பக் கலர்ல வருதுங்க" என்று வந்து சொன்னார். பாக் விரிகுடாவுக்குப் போகிற தண்ணீர் அது.

அவருக்குப் பட்டா கிடையாது, 21 நாள் கணக்கு அவருக்கு உதவாது. சரி, அவருக்கு என்ன வழி? குழாய் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைத் தொட்டால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60. அதற்கு மேல் கெஞ்சினாலும் நடக்காது.

"வெடிச்சா ஊரே போயிடும்" என்று மட்டும் எழுதுவது

சர்வே எண்ணை எழுதுங்கள்.

தாத்தா பெயரிலேயே பட்டா

இன்றைக்கே மாற்றுங்கள்.

அந்தப் பையனை அரசிதழ்த் தேதியைத் தேடச் சொன்னேன். போனில் தேடி எடுத்து விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டு நாள் போயிருந்தது. வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல், அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.வைத் தேடி வண்டியை எடுத்தான்.