முந்திரிகைப் பந்தல்களுக்கு நடுவே சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்போம். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, ஊரெழுப் பக்கத்துச் செம்பாட்டு நிலங்களில் அங்கங்கே அதன் பந்தல்கள் நிற்கும். விடுமுறைக்கு வரும் உறவுக்காரரை அந்த ஒழுங்கைகளால் சைக்கிளில் கூட்டிப்போய்ப் பந்தல் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலாவது, தோட்டக்காரரைக் கேட்காமல் நாள் குறிப்பது. பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் செப்டெம்பர், ஒக்டோபர்தான் அறுவடைக் காலம் என்று நினைத்து வருகிறார்கள். அங்கே குளிரில் கொடி உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, வருடத்துக்கு ஒருமுறை பழம் தரும். இங்கே அந்தக் குளிர் இல்லை. தோட்டக்காரர் கொப்பை வெட்டிவிட்ட பிறகுதான் புதுத் தளிரும் பூவும் வரும். அதிலிருந்து மூன்றரை, நான்கு மாதத்தில் பழம். அதனால் ஒரு பந்தல் மொட்டையாக நிற்கும்போது வேலிக்கு அடுத்த பக்கத்துப் பந்தலில் கறுத்த குலைகள் தொங்கலாம். கூட்டிப்போகிறவரிடம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதை விட, எந்தத் தோட்டம் எப்போது வெட்டியது என்று கேளுங்கள்.

பந்தலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வரம்பு ஒரு சில்லு ஏறினாலே உடைந்துவிடும். அதைத் திரும்பக் கட்ட ஒருவர் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். படலையடியில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.

அப்புறம், குலையைத் தொடுவது. ஒருமுறை என் மருமகள் பழத்தில் வெண்மையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு, "மாமா, மருந்து" என்று சொல்லி விரலால் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. தோட்டக்கார ஐயா பதறிப்போனார். "பிள்ளை, அது மருந்தில்லை, பழத்தின்ர மெழுகு. அதைத் துடைச்சால் சந்தையில பழைய பழமெண்டு நினைப்பினம்." அந்த மெழுகுதான் பழத்தின் ஈரத்தைக் காக்கிறது. அதற்காகப் பறித்து அப்படியே வாயில் போடவும் கூடாது. முந்திரிகைக்குப் பூஞ்சண நோய் அதிகம், மருந்தும் அடிப்பார்கள். கடைசியாக எப்போது அடித்தது என்று கேட்டு, கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

தோட்டத்துக்குத் தோட்டம் வைன் ருசி பார்க்கலாம் என்று எதிர்பார்ப்பதும் தவறு. இங்கே அதிகம் நடுவது இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை இனம். பெரும்பாலும் பழமாகவே விற்பனைக்குப் போகிறது. வைன் என்றால் வசாவிளானுக்குப் பக்கத்தில் தோலகட்டி ஆச்சிரமம். துறவிகள் செபத்தோடு வாழும் இடம், ஆகவே கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முந்திரிகை ரசத்துக்கும் நெல்லி ரசத்துக்கும் பெயர் போனது. இலங்கையில் போயா என்கிற பௌர்ணமி தினத்தில் மது விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளும் இல்லை. போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறவுங்கள். வெயிலில் குடித்துவிட்டு சைக்கிள் ஓடுவது ஆபத்து.

மேடு பள்ளம் இல்லாத ஊர்தானே என்று காற்றை மறப்பவர்கள்தான் அதிகம் களைத்துப்போகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். பலாலி வீதியால் வடக்கே போகும்போது முதுகில் தள்ளிவிடும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், அதுவும் பத்து மணி வெயிலோடு. காலை ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள், திரும்பி வருவதற்குப் பலத்தை வைத்திருங்கள். ஒழுங்கை ஓரத்தில் நெருஞ்சி முள் கிடக்கும். ஒட்டுப்போடும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

வாங்கிய பழத்தைப் பையில் போட்டுப் பின் கரியரில் கட்டாதீர்கள். ஒழுங்கைக் குலுக்கலில் வீடு வருமுன்னே சாறு வடியத் தொடங்கிவிடும். முன் கூடையில் வாழையிலை விரித்து, குலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள்.