ஒழுங்கைக்குள் வழி காட்ட எந்த மப்?

நான் கார் ஓடப் பழகியது 57 வயதில். அதற்கு முன் முப்பது வருடம் தபாலதிபர் வேலை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எந்தக் கோயிலடி எந்தக் குறிச்சியில் வரும் என்று நித்திரையிலும் சொல்வேன், ஆனால் அதெல்லாம் கடித உறையில் படித்த ஊர். வெயிலில், பின்னால் மினிபஸ்காரன் ஹோன் அடிக்க, ஒரு சந்தியில் இடமா வலமா என்று நிற்கும்போது அந்த அறிவு உதவவில்லை. ஆகவே வழிகாட்டுகிற மப் (வரைபடம்) ஒன்று தேடினேன். என்னைப்போல் பிந்திப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தனிக் கருவியா, போனா என்பதுதான் முதலில் வரும் கேள்வி. லண்டனிலிருந்து வந்த மகன், கண்ணாடியில் ஒட்டுகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். முற்றத்தில் காருக்குள் இருந்து அதை முடுக்கினோம். திரை முழுக்க வெறும் வெளி, நடுவில் ஒரு குட்டிக் கார். ஐரோப்பாவின் மப் மட்டும்தான் உள்ளே இருந்தது. கருவியில் பிழையில்லை, பெட்டியில் எழுதியிருந்ததை நாங்கள் வாசிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாரும் “என்ன கொண்டுவர?” என்று கேட்டால், இலங்கை மப் உள்ளே இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏற்ற முடியுமா, அதற்கு என்ன காசு என்று கேட்டுவிட்டு ஓம் சொல்லுங்கள். இன்னொன்று, இப்படியான கருவிகள் பெரும்பாலும் வீதிப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கேட்கும். எங்கள் விலாசமோ “பிள்ளையார் கோயிலடி, சுன்னாகம் தெற்கு” என்று முடிந்துவிடும். தபால்காரருக்கு அது போதும், மெஷினுக்குப் போதாது. அஞ்சல் குறியீட்டைப் போட்டாலும் 40000 யாழ்ப்பாணம் வரைக்கும்தான் வரும், வீட்டுப் படலைக்கு வராது.

நாள் முழுக்க நெடுந்தூரம் ஓடுபவர், ஓடும்போது போன் மணி அடிப்பதை விரும்பாதவர், இவர்களுக்குத் தனிக் கருவி நல்லதுதான். மற்றவர்களுக்குக் கையில் இருக்கிற போன் காணும்.

“டேட்டா இல்லாத இடத்தில் போன் என்ன செய்யும்?” என்று என் தங்கை கேட்டாள். பலருக்கும் இருக்கிற பயம். ஜிபிஎஸ் என்பது இணையம் இல்லை. 20,000 கிலோமீற்றருக்கு மேலான உயரத்தில் சுற்றுகிற முப்பது சொச்சம் செயற்கைக்கோள்கள் அனுப்புகிற நேரக்குறிப்பைப் போன் கேட்டுக்கொண்டிருக்கும். நாலு கோள் அகப்பட்டால் தான் நிற்கிற இடத்தைக் கணக்குப் பார்த்துவிடும். எதையும் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் டேட்டா செலவும் இல்லை. டேட்டா தேவைப்படுவது மப்பின் படத்துக்குத்தான். அந்தப் படத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் சரி. பூநகரி தாண்டி முழங்காவில், வெள்ளாங்குளம் என்று மன்னார்ப் பக்கம் போகும்போது என் போனில் சிக்னல் கோடு விட்டுவிட்டு மறையும், வழிகாட்டுவது மட்டும் நிற்காது.

கூகுள் மப்பில் உங்கள் முகப்புப் படத்தைத் தட்டினால் ஓஃப்லைன் மப் என்று ஒரு வரி வரும். அதில் ஒரு சதுரம் காட்டும், வடக்கை அதற்குள் அடக்கி இறக்குங்கள். ஓர்கானிக் மப்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. இலவசம், விளம்பரம் இல்லை, இலங்கையை அப்படியே இறக்கலாம். திரையில் சத்தம் சந்தடி குறைவு, என் வயதுக்காரருக்கு அது பிடிக்கும். ஆனால் நெரிசல் காட்டாது. கொழும்புக்கு ஓடுவதென்றால் கூகுள், அல்லது 2013இல் கூகுளே வாங்கிய வேஸ் செயலி. இங்கே கொக்குவிலிலிருந்து கோப்பாய்க்குப் போக நெரிசல் சிவப்பு எனக்கு எதற்கு?

இறக்கியதும் ஒரு பரிசோதனை. போனை ஃபிளைற் மோடில் போட்டு, முற்றத்தில் வானம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். நீலப் புள்ளி உங்கள் வீட்டில் வந்து குந்துகிறதா என்று பாருங்கள். நெற் இல்லாதபோது முதல்முறை கொஞ்சம் சுணங்கும், பொறுங்கள்.

அடுத்தது பெயர்ச் சோதனை, இதில்தான் என் தபால் மூளை வேலை செய்தது. தேடும் பெட்டியில் “ஊர்காவற்றுறை” என்று தமிழில் அடியுங்கள். பிறகு “நெடுந்தீவு”. ஆங்கிலத்தில் ஒன்று கைற்ஸ், மற்றது டெல்ஃப்ற். தமிழ்ப் பெயருக்கும் சரியான தீவைக் காட்டுகிற செயலிதான் உங்களுக்கு உதவும். பிறகு “காரைதீவு” என்று அடியுங்கள். எங்கள் காரைநகரின் பழைய பெயர் அது. அம்பாறையிலும் ஒரு காரைதீவு உண்டு. கிழவர்கள் பழைய பெயரை எழுதிப் போட்ட கடிதங்கள் கிழக்குக்குப் போய்த் திரும்பி வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மெஷினும் அதே ஊருக்கு உங்களை அனுப்பக்கூடும். புறப்படுமுன் எத்தனை கிலோமீற்றர் என்று போட்டிருப்பதை ஒருமுறை பார்த்தால் போதும், அரை மணிப் பயணத்துக்கு அது முந்நூறுக்கு மேல் காட்டினால் தெரிந்துவிடும்.

பெயரை நம்புவதைவிடப் புள்ளியை வாங்குங்கள். போகிற வீட்டுக்காரரிடம் “வட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்புங்கோ” என்று கேளுங்கள், ஆனால் அவர் வீட்டில் நின்று அனுப்ப வேண்டும். என் மச்சாள் ஒருத்தி சந்தையில் நின்றுகொண்டு அனுப்பினாள், நான் மீன் கடைக்கு முன்னால் போய் நின்றேன். பிளஸ் குறியீடு என்று ஒன்றும் கூகுள் மப்பில் இருக்கிறது. 2015இல் வந்தது. ஏறக்குறைய 14 மீற்றர் நீள அகலமான துண்டு நிலத்துக்கு ஒரு குறியீடு, வீதிப் பெயரே தேவையில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை தலையிடி குறைந்திருக்கும்.

இனி அமைப்புகள். இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் பட்டுத் தெரிந்தவை.

காரைநகரில் ஒரு வீட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குக் கலியாணத்துக்குப் போனோம். போன் காட்டிய வழி கிட்டத்தான் இருந்தது, நானும் திரையைப் பார்க்காமல் குரலைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். கடைசியில் கடல். கடற்கோட்டை தெரிகிறது, அதற்கு அங்கால் ஊர்காவற்றுறை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. குரல் சொன்னது பாதையை. எங்கள் ஊரில் பாதை என்றால் கடலைக் கடக்கிற மிதவைதான், அன்றைக்கு அது ஓடவில்லை. திரும்பிப் பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பட்டினம், பண்ணை, வேலணை என்று சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது பொம்பிளையும் மாப்பிள்ளையும் படம் எடுத்து முடித்திருந்தார்கள். வழித் தெரிவுகளில் படகைத் தவிர்க்கச் சொல்லி ஒரு பெட்டி இருக்கிறது. தீவுப் பக்கம் காரில் போகுமுன் அதில் சரி போடுங்கள்.

மற்றது, வாகனப் படம். கூகுள் மப்பில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தனித்தனிப் படம். மகன் ஸ்கூற்றிக்காக மாற்றியதை நான் கவனிக்கவில்லை. உடுவில் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் விட்டது. போகப் போக இரண்டு பக்கமும் கதியால் வேலி கிட்ட வந்தது, பிறகு பக்கக் கண்ணாடியில் இலை உரசியது, பிறகு கண்ணாடியே மடங்கியது. படலை திறந்து ஒரு ஐயா வந்தார். “றிவேசில விடு பிள்ளை, வலப்பக்கம் ஒடி, இன்னும் ஒடி” என்று பின்னால் நடந்தபடி என்னை வெளியே எடுத்துவிட்டார். எனக்கு 60 வயது, பிள்ளை என்றது நல்லாயிருந்தது. கார்ப் படத்தில் இருந்தாலும் ஒழுங்கையின் அகலம் மப்புக்குச் சரியாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். ஒடுக்கமாகத் தெரிந்தால் வாயிலிலேயே நிறுத்தி இறங்கி நடந்து பாருங்கள்.

குரலைத் தமிழுக்கு மாற்றலாம். நான் மாற்றி, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன், திரையைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. போனைக் கையில் பிடித்து ஓடினால் தண்டம், ஆகவே ஹோல்டர் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டுகிறது வேண்டாம். எங்கள் வெயிலில் போன் கொதித்து, திரை மங்கி, சார்ஜ் ஏறாமல் நிற்கும். ஏசி காற்று வருகிற துவாரத்தில் கொழுவுகிறதை வாங்குங்கள், குளிரும் படும். விலாசத்தை வீட்டில் வைத்தே போட்டுவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். ஓடும்போது தட்டுவதில்லை என்பதில் நான் கண்டிப்பு.

எதைத் தெரிவு செய்தாலும் முதல் கிழமை தெரிந்த வழியில் ஓட்டிப் பாருங்கள். நான் வீட்டிலிருந்து பருத்தித்துறைக்கு ஓடினேன். சந்திக்கு எவ்வளவு முன்னால் சொல்கிறது, வேண்டுமென்றே முடக்கைத் தவறவிட்டால் பதறாமல் வேறு வழி சொல்கிறதா, இருட்டினதும் திரை கறுப்பாகிறதா என்று பார்த்தேன். ஒரு செயலி நான் தவறவிட்ட ஒவ்வொரு தடவையும் “திரும்புக” என்றே நின்றது. அதை அன்றே அழித்தேன்.

போய்ச் சேர்ந்த வீடுகளைச் சேமித்து, எனக்கு விளங்குகிற பெயர் வைக்கிறேன். இப்போது என் மப்பில் “சின்னம்மா, நீல கேற்”, “பல் டொக்டர், வேம்படி நிழல்”, “உடுவில் ஐயா, உள்ளே விடாதே” என்று இருபது வரையில் இருக்கிறது.